யூலாலியின் மூன்றாம் அரங்கேற்றம்

யூலாலி தாஸ்தே பதினேழு பருவங்கள் மேடையேறிய பாடகி. ஆயினும் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவள் புதியவள்தான். பிரான்சில், பாரிஸுக்கு வெளியேயுள்ள அரங்குகளின் வழக்கம் அப்படி. ஒப்பந்தம் கையெழுத்தானாலும் ஆண்டு முழுமைக்கும் இருக்கை வாங்கிய சந்தாதாரர்கள் முன் மூன்று அரங்கேற்றங்களில் தேற வேண்டும். பிடிக்கவில்லை என்று அவர்கள் அடிக்கும் சீழ்க்கை மிகுந்தால் ஒப்பந்தம் செல்லாது. அக்டோபர் பிற்பாதியில் தள்ளப்பட்டவளுக்கு வேறெந்த ஊரிலும் இடமிராது.

1884இல் வால்மோரே நகரில் இரண்டை ஒருவாறு கடந்துவிட்டாள். மூன்றாவதற்கு ‘ஆலைக்காரன் மகள்’. பாரிஸ் சலித்துக் கைவிட்ட பின்னும் வெளியூர் அரங்குகளை முப்பதாண்டுகளாக வாழவைத்த ஓபரா அது. கதை ஒன்றானாலும் ஊருக்கொரு வடிவம்: ஓரிடத்தில் புயல் காட்சி இராது, ஓரிடத்தில் ஆலைச் சக்கரத்துக்குப் பதில் வரைந்த திரை தொங்கும். யூலாலி அதைக் கற்ற ஊரில் சேர்ந்து பாட ஆள் போதாமல், இரண்டாம் அங்கத்தின் பிரார்த்தனைப் பாட்டில் ஒரு சரணத்தை வெட்டியிருந்தார்கள். வால்மோரேக்கோ அந்தச் சரணம்தான் பெருமை.

“மதாம், மறுபடியும் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ரெண்டாவது சரணம்!” என்றாள் உடை உடுத்திவிடும் ஒனோரின், கச்சையை இறுக்கியபடி.

“அடி போடி. ஒத்திகையில ஒழுங்காத்தானே பாடினேன்? மத்த ரெண்டுதான் எனக்குப் புதுசு. இது தூக்கத்துலயும் வரும்.”

“அதான் பயமா இருக்கு. தூக்கத்துல வர்றது பழசுதானே!”

முதல் அங்கத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. பிரார்த்தனைக்கு மண்டியிட்டாள், முதல் சரணம் பிசிறின்றி ஒலித்தது. அந்த நிம்மதியில் பழக்கம் நாவைப் பிடித்திழுத்தது. வாத்தியங்கள் இரண்டாம் சரணத்துக்குள் நுழைய, அவள் முடிவுக்குத் தாவிவிட்டாள்.

மேல்மாடத்திலிருந்து ஒரு குரல்: “அம்மா தாயே, மீதிப் பாட்ட எந்த ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்தீங்க?”

“விடுப்பா, லக்கேஜ் ஜாஸ்தின்னு எறக்கிட்டாங்க போல!”

சிரிப்பை விழுங்கிக்கொண்டு சீழ்க்கை எழுந்தது. இறுதியில் மேலாளர் திரைக்கு முன்னே வந்து, மதாம் தாஸ்தே ஏற்கப்படவில்லை என்று அறிவித்தார்.

ஆயினும் மாற்றுப் பாடகி வரும்வரை அவளே பாடியாக வேண்டும். ஞாயிறன்று அதே ஓபரா. யூலாலி இரண்டு சரணங்களையும் குறையின்றிப் பாடினாள். தீர்ப்பு வழங்கி ஓய்ந்த சந்தாதாரர்களுக்கு இப்போது அவள்மேல் பகை ஏதுமில்லை, மனமுவந்து கைதட்டினார்கள். மேல்மாடம் மறுபடியும் பாடச் சொன்னது. பாடினாள்.

“கேட்டீங்களா மதாம், எப்படித் தட்டுறாங்கன்னு!”

“தட்டட்டும். புதுசா வர்றவ எப்ப வர்றா?”

ஒனோரின் கச்சையின் முடிச்சை அவிழ்த்தாள். “நாளைக்கு, மத்தியான வண்டியில.”

ஆலைக்காரன் மகளின் நீலப் பாவாடை யூலாலியின் சொந்த உடை. அதை மடித்துப் பெட்டியில் வைத்து மூடினாள். சேர வேண்டிய ஊரை எழுதும் சீட்டை வெறுமையாகவே மேலே ஒட்டினாள்.