தோளுக்கு எட்டாத கட்டை

என் மனைவியின் ஊர் கம்பைநல்லூர் பக்கம். அங்கே மாதா கோயில் திருவிழாவின் இரண்டாம் நாள் சாயங்காலம் சப்பரத்தை ஊர்க்காரர்கள் தொடமாட்டார்கள். அந்த ஊரில் பெண்ணெடுத்த மாப்பிள்ளைகள்தான் தூக்க வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு. ஒரு வீட்டு மருமகன்கள் சப்பரத்தைத் தூக்கும் கட்டைகளில் ஒரே கட்டையில், கல்யாணம் ஆன வரிசைப்படி, ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பார்கள். வேறு வீட்டு மருமகன் இடையில் வரக்கூடாது. யார் நெட்டை, யார் குட்டை என்றெல்லாம் பார்ப்பதில்லை.

எங்கள் மாமனார் வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் போலீஸ்காரர். நடுவில் இருப்பவளைக் கட்டியவன் நான், தருமபுரி கடைத்தெருவில் தையல்காரன். கடைசிப் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி முதல் திருவிழா.

கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் விசில் ஊதியதும் எல்லோரும் சேர்ந்து தூக்கினோம். எங்களுக்கு முன்பக்கத்து இடது கட்டை. முன்னால் போலீஸ்காரச் சகலை, அவருக்குப் பின்னால் நான். கட்டை சகலையின் தோளில் போய் உட்கார்ந்தது. என் தோளுக்கு மேலே நாலு விரற்கடை இடைவெளி விட்டுக் காற்றில் போனது. நான் எம்பிப் பார்த்தேன். எட்டவில்லை. இறங்கிவிடவும் முடியாது. கையை உயர்த்தி உள்ளங்கையைக் கட்டையில் வைத்துக்கொண்டு, தூக்குகிறவன் போல நடந்தேன்.

கூட்டத்தில் நின்ற என் மச்சினன் அதைப் பார்த்துவிட்டான்.

“சின்ன மாப்ள, கைய எடுத்துருங்க. கட்டைய ஆணியடிச்சுத்தான் வெச்சிருக்காங்க, புடிக்காட்டியும் வுழாது.”

அந்தப் பக்கம் நின்ற ஆண்களெல்லாம் சிரித்தார்கள். நான் பெண்கள் நின்ற வரிசையைப் பார்த்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சகலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே சதை அசைவது தெரிந்தது. அந்தச் சட்டையைத் தைத்தவன் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே சகலையைப் பற்றிப் பேச்சை எடுத்தாள்.

“மாமா ஒரு ஆளாவே அந்தப் பக்கத்தைத் தூக்கிட்டாரு, இல்லீங்க?”

“நானும்தான் நின்னேன்.”

“நின்னீங்க.” பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “நீங்கதான் டெய்லராச்சே. நாலு விரக்கடைக்குப் பஞ்சு வெச்சு ஒரு சும்மாடு தச்சு, சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டா ஆச்சு.”

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். நான் தருமபுரி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

தையல்காரனுக்கு மற்றவர்கள் உடம்பு தெரிந்த அளவுக்கு வைத்தியருக்குக்கூடத் தெரியாது என்று நினைக்கிறேன். யாருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கிறது, யார் தொப்பையை எக்கிக்கொண்டு அளவு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் நாடா சொல்லிவிடும். ஊரில் எத்தனையோ பேருக்கு நல்ல உடம்பு இருந்தது. அவர்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை. சகலை கடைக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நிற்கும்போது மட்டும் நாடாவைச் சுற்ற எனக்குக் கை வராது. சுற்றி முடித்ததும் எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

“கை கொஞ்சம் லூசா வுடுங்க தம்பி. மடக்குனா புடிக்குது” என்பார். அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பிடிக்கும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தோள் பெருத்தால் கட்டை உட்கார்ந்துவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த திருவிழாவில் அவள் என்னைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வருஷம் இருந்தது.

அப்போது எனக்குத் தெரிந்து பயிற்சிக்கூடம் இரண்டு. ஒன்று என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. இரும்புக் குண்டுகளும் கம்பிகளும் வைத்து, பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் நடத்திவந்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். ஒரு சாயங்காலம் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு அங்கே போனேன். வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி, மறுபடி தாண்டிப் போனேன். மூன்றாவது தடவை மாஸ்டரே கூப்பிட்டுவிட்டார்.

“யாரைத் தேடறீங்க?”

“சேரலாம்னுங்க.”

“அப்ப உள்ள வாங்க. சட்டையைக் கழட்டுங்க, உடம்பைப் பாக்கணும்.”

எதிரே சுவர் நீளத்துக்கு நிலைக்கண்ணாடி. அதன் முன் நாலைந்து பேர் மேலுக்கு ஒன்றும் இல்லாமல் தங்களையே பார்த்துக்கொண்டு குண்டு தூக்கினார்கள். ஊரெல்லாம் சட்டை தைத்துப் போடுகிற எனக்கு என் சட்டையைக் கழற்ற வரவில்லை. முதல் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு கண்ணை எங்கே வைப்பது என்று தேடினேன். கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்ட போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. நடுவில் இருந்தது சகலை. பக்கவாட்டில் திரும்பி, கையை மடக்கி, கேமராவைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் என் கண் போன இடத்தைப் பார்த்தார்.

“அவரு போலீஸ்காரரு. இங்க வந்தப்ப உங்கள மாதிரிதான் இருந்தாரு. எங்க கையிதான் ஆளாக்குச்சு. தெரியுங்களா அவர?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது.

“நம்ம சகலைங்க.”

“அட, மொதல்லயே சொல்ல வேண்டாமுங்களா. அவரு சகலைன்னா இது உங்க வூடு மாதிரி. அவரு காலையில வர்றாரு. அவரு கூடவே வந்துருங்க, அவரே சொல்லிக் குடுப்பாரு.”

தினமும் காலையில் அந்தப் போட்டோவுக்குக் கீழே, அந்த ஆளுக்குப் பக்கத்தில், அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சட்டையில்லாமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பொத்தானைப் போட்டுக்கொண்டு, “நாளைக்கு வர்றேனுங்க” என்று வெளியே வந்துவிட்டேன். உங்கள மாதிரிதான் இருந்தாரு என்று சொன்னாரே, அது கடை வரைக்கும் காதில் கேட்டுக்கொண்டே வந்தது. அவர் ஒருநாளும் என்னை மாதிரி இருந்திருக்க முடியாது. ஆறடி ஆள் எப்படி என்னை மாதிரி இருப்பார்?

இன்னொரு கூடம் இண்டூர் போகிற ரோட்டில், சைக்கிள் மிதித்துப் போகிற தூரத்தில் இருந்தது. கூடம் என்று சொல்வதே அதிகம். வேப்பமரத்தடியில் சலித்த செம்மண் கொட்டிய ஒரு பள்ளம், பக்கத்தில் ஓலைச் சாய்ப்பு, அதில் கர்லாக்கட்டைகள், அனுமார் படம். நடத்தியவர் மாவு மில் வைத்திருந்தார். வஸ்தாது என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் புருவத்தில் எப்போதும் மாவு இருக்கும்.

முதலில் மண்ணைத் தொட்டு அனுமாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளத்தில் இறங்க வேண்டும். நான் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒங்க சாமிய நெனச்சுத் தொடுங்க டெய்லரே. மண்ணுக்கு அதெல்லாம் தெரியாது” என்றார் வஸ்தாது. “ஆனா அந்தக் கவுத்தைக் கழட்டி வெச்சுருங்க. கர்லா சுத்தறப்ப மாட்டுச்சுன்னா தலை தனியா வந்துரும்.”

அங்கே கண்ணாடி இல்லை. போட்டோ இல்லை. சகலையின் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்காகவே அங்கே சேர்ந்தேன். வேறு எந்த நல்லது கெட்டதும் பார்க்கவில்லை. லங்கோடு மட்டும் கட்ட வேண்டும் என்றார்கள். கூச்சத்தில் நானே கொஞ்சம் அகலமாக, பொத்தான் போட்ட இடுப்புப் பட்டியோடு ஒன்று தைத்துக்கொண்டு போனேன்.

“இதென்ன, கோவணத்துக்குக் காஜா எடுத்திருக்கீங்க?” என்று வஸ்தாது கேட்டதும் பள்ளமே சிரித்தது. ஏனோ அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

எனக்குத் தோள் வேண்டும், கர்லா கொடுங்கள் என்று கேட்டேன். வஸ்தாது கொடுத்தார், ஆனால் முதலில் பஸ்கி எடுக்கச் சொன்னார். உட்கார்ந்து எழுந்திருப்பது, மறுபடி உட்கார்ந்து எழுந்திருப்பது. தொடை நடுங்கும், சைக்கிள் மிதித்துத் திரும்ப முடியாது. தொடையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எரிச்சலாக வரும். கடைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு நாடாவை எடுப்பேன். மார்பு, கைச்சதை, தோளின் அகலம் எல்லாம் அளப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மழைக்காலத்துக்குள் என் சட்டையெல்லாம் தோளில் பிடித்தது. பிரித்துத் தைத்தேன். அதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை இருந்ததில்லை.

தரையிலிருந்து தோள் எவ்வளவு உயரம் என்று ஒருநாளும் அளக்கவில்லை. வாழ்க்கை முழுக்க அளந்தே பிழைத்தவன், தேவைப்பட்ட அந்த ஓர் அளவை எடுக்கவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு மாமனார் வீட்டில் போய் இறங்கியதும் சகலை என்னைத் தனியாகப் பிடித்தார்.

“எங்க கொட்டாய்க்கு வந்தீங்களாமே. மாஸ்டர் நேத்துத்தான் சொன்னாரு. போட்டோவைப் பாத்துட்டுப் போனவரு வரவே இல்லைன்னாரு.”

“சட்டை குடுக்கப் போனேனுங்கண்ணா” என்றேன். அவர் என் தோளைப் பார்த்தார்.

சாயங்காலம் விசில் ஊதினார்கள். தூக்கினோம். தலைக்குப் பக்கத்தில் கட்டை காற்றில் போவது தெரிந்தது. அதே நாலு விரற்கடை. பெருத்திருந்த தோளால் ஒரு நூல்கூடக் குறையவில்லை. உள்ளங்கையைத் தூக்கப் போனேன். அந்த நேரத்தில் கட்டை மெதுவாக இறங்கி என் தோளில் உட்கார்ந்தது.

கனம் என்றால் அப்படி ஒரு கனம். எலும்பு வரைக்கும் இறங்கியது. நான் தாங்கினேன். நிமிர்ந்து நடந்தேன். பெண்கள் வரிசையைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அக்காவின் கையைத் தட்டி என்னைக் காட்டினாள். அந்தத் தெரு முடியாமல் நீண்டுகொண்டே போகட்டும் என்று மாதாவிடம் கேட்டேன்.

தெருமுனையில் உபதேசியார் ஓடிவந்தார்.

“எடது பக்கம் தாழுது. போலீஸ்காரரே, கொஞ்சம் ஏத்திப் புடிங்க, மாதா சுரூபம் சாயுது.”

“முட்டி வலிங்கய்யா” என்றார் சகலை. “இப்படியே போயிரலாம்.”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே நடந்துகொண்டிருந்தார். தொடைச் சதை தெறித்துவிடும்போல் இறுகியிருந்தது. வஸ்தாது என்னைத் திட்டித் திட்டி எடுக்கவைத்த அதே பஸ்கி, எழுந்திருக்காமல்.

“நிமிந்து நடங்கண்ணா” என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“முட்டி வலின்னு சொன்னேன்ல. முன்னாடி பாத்து வாங்க தம்பி.”

கோயில் வரை அப்படியே வந்தார். நான் தோளில் கனத்தைச் சுமந்துகொண்டு, முன்னால் போகும் அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு வேறு என்னவோ வந்தது. அவள் என்னைப் பார்த்த அந்த ஒரு பார்வையும் இவர் கொடுத்ததுதானா என்று இருந்தது.

மறுநாள் பந்தியில் சகலையால் சம்மணம் போட முடியவில்லை. சுவரோடு நின்றுகொண்டே சாப்பிட்டார். மச்சினன் விடவில்லை.

“பெரிய மாப்ளைக்குப் பந்தியிலயும் பாரா டூட்டி போட்டுட்டாங்களா?”

என் மனைவிதான் பரிமாறினாள். அவருக்கு முதலில் கறி வைத்தாள். நல்ல துண்டாகப் பார்த்து வைத்தாள். பிறகு என்னிடம் வந்தபோது மெதுவாகச் சொன்னாள். “மாமா காலைப் பாத்தேனுங்க.” என் இலையிலும் நல்ல துண்டுதான் விழுந்தது. இரண்டில் எது பெரியது என்று நான் பார்த்தேன்.

ஊர் திரும்பிய திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். வாசலைத் தாண்டிப் போகவில்லை. நேராக உள்ளே நுழைந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். சகலை குண்டைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். நான் கண்ணாடியைப் பார்க்காமல் மேலே இருந்த போட்டோவைப் பார்த்து உட்கார்ந்து எழுந்தேன். அவரைத் தூரத்தில் வைத்துப் பொறாமைப்பட்டதில் ஒரு வருஷம் போய்விட்டது. பக்கத்தில் இருந்தே படலாம் என்று தோன்றியது.

இரண்டு வருஷம் கழித்து கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை ரேஷன் கடையில் வேலை. என்னைவிடக் குட்டை. அந்தத் திருவிழாவில் எங்கள் கட்டையில் மூன்று பேர் நின்றோம். விசில் ஊதியதும் சகலை முழங்காலை மடக்கினார். முன்பைவிடத் தாழ மடக்கினார். நானும் மடக்கினேன். நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தொடை எரிய எரிய அந்தத் தெருவை நடந்தோம். உபதேசியார் வந்து தாழுது தாழுது என்றார். இந்த முறை நான் சொன்னேன், “முட்டி வலிங்கய்யா.”

எனக்குப் பின்னால் புது மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தான். பெண்கள் வரிசையில் அவன் மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு எங்கள் கால்கள் தெரிந்ததா என்று தெரியவில்லை. அவன் நிமிர்ந்து நடப்பதைத் திரும்பிப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.