கண்டியிலிருந்து சிவனொளிபாத மலைக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

கண்டிச் சீமையில் யாரிடம் வழி கேட்டாலும் மைல் கணக்குச் சொல்ல மாட்டார்கள். "ஒரு கூவல் தூரம்" என்பார்கள். ஒருவர் வாய்விட்டுக் கூவினால் எவ்வளவு தொலைவுக்குக் கேட்குமோ அவ்வளவு என்று அர்த்தம். கூவுகிறவர் யார், காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் நம் தலைவிதி. நான் ஹந்தானை மலையில் ஒரு காப்பித் தோட்டத்துத் தபால்காரன். காலையில் பையை மாட்டிக்கொண்டு கண்டிக்கு இறங்குவேன், பிற்பகலில் துரையின் கடிதங்களோடும் ரொட்டியோடும் ஏறுவேன். வந்த புதிதில், இரண்டு கூவல் என்று ஒருவர் சொன்ன கடையைத் தேடி அரைநாள் நடந்திருக்கிறேன். எங்கள் சிவகங்கைப் பக்கம் பொட்டல் காடு. போக வேண்டிய ஊரின் கோபுரம் புறப்படும்போதே கண்ணில் படும். இங்கே மலை மறைத்துவிடுவதால் காதை நம்பி வாழ்கிறார்கள் போலும்.

எட்டு முறை சிவனொளிபாதத்துக்கு நடந்து போய்வந்தவன் என்பதால், ஊரிலிருந்து வந்து சேரும் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன். காப்பிப் பழம் பறித்து முடிந்தபின், தை கடைசியிலோ மாசியிலோ கிளம்புங்கள். துரையிடம் சொல்லாமல் கிளம்பினால் ஓடிப்போனதாக வாரண்டு வரும், சாமி வந்து ஜாமீன் கொடுக்க மாட்டார். பேராதனைப் பாலம் தாண்டி, கம்பளை, அம்பகமுவ என்று போக வேண்டும். நல்ல காலுள்ளவருக்கு நான்கு நாள் வழி. கம்பளி இல்லாமல் போகாதீர்கள். கண்டி வெயிலில் அதைச் சுமப்பவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் மேலே போய் அவனிடமே பாதிக் கம்பளி கேட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அட்டைக்கு உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து முழங்கால்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காதீர்கள். சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் தானே விழும். பிடுங்கினால் புண்ணாகும். எதிரே இறங்கி வரும் சிங்களவர்கள் "கருணாவய்" என்று வாழ்த்துவார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லுங்கள். இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். மலையேறும்போது அப்படிக் கேட்பது அவர்களுக்குப் பெரிய தோஷம். முதல் முறை கேட்டுவிட்டு நான் வாங்கிய முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இவையெல்லாம் யாரும் சொல்லக்கூடிய சங்கதிகள். நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

முதல் முறை போனபோது என் மனைவி பவளாயியும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஆறு பேரும் உடன் வந்தார்கள். அட்டையைப் பிடுங்கியவள் பவளாயிதான். அம்பகமுவ தாண்டியதும் கணுக்கால் வீங்கி, காலை ஊன்ற முடியாமல் போயிற்று. வழியில் ஓர் அம்பலம் இருந்தது. யாத்திரிகர் தங்குவதற்கென்று ஊர்க்காரர்கள் கட்டிவைக்கும் கூரைக்கொட்டகைக்கு இங்கே அந்தப் பெயர். அங்கே அவளை உட்காரவைத்தோம். ஒரு சிங்கள அம்மாள் அங்கே யாத்திரிகருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் மாணிக்கம். "துரை குடுத்தது எட்டே நாளு. இவுக இங்கனயே இருக்கட்டும், திரும்பி வரும்போது கூட்டிக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆசை வேறு, அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று. தேக்கிலையில் கட்டுச்சோற்றைப் பிரித்து அவள் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன். பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். "திரும்பி வரும்போது கூட்டிக்கிறேன் புள்ள" என்றேன்.

பவளாயி சோற்றைப் பார்த்தாள், செம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

தோணியில் வந்து மன்னாரில் இறங்கிக் கண்டிக்கு நடந்து வந்தவர்களுக்கு அவள் பார்த்தது என்னவென்று விளங்கும். ஊரில் உள்ளவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காட்டுவழியில் பேதி கண்டோ காய்ச்சல் கண்டோ ஒருவர் விழுந்தால் கூட்டம் நிற்காது. நின்றால் எல்லோருக்கும் அரிசி போதாது. விழுந்தவருக்குப் பக்கத்தில் ஒரு பிடி சோறும் கொஞ்சம் தண்ணீரும் வைத்து, திரும்பி வரும்போது கூட்டிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். அந்த வழியில் யாரும் திரும்பி வருவதில்லை. எங்களோடு வந்த பவளாயியின் தங்கை செல்லம்மாளை, தம்புள்ளைக்கு இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் அப்படித்தான் விட்டோம். எங்களைக் கூட்டிவந்த கங்காணி விட்டுவிடச் சொன்னார். சோற்றை வைத்தது நான்.

அம்பலத்தில் நான் யோசித்து எதையும் செய்யவில்லை. கை தானாகப் பழகிய வேலையைச் செய்தது. வாயும் அப்படியே.

அந்தச் சிங்கள அம்மாளுக்கு இதெல்லாம் தெரியுமா? புருஷன் பெண்டாட்டிக்குப் பரிமாறுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "ஹொந்த மினிஹா" என்றார், நல்ல மனுஷன் என்று. இலையைப் பவளாயி பக்கம் தள்ளி, "கன்ன, கன்ன" என்று சாப்பிடச் சொன்னார். பவளாயி அந்தச் சோற்றை எட்டி உதைத்தாள். சோற்றுக்கு இப்படி ஒரு அவமரியாதையா என்று அந்த அம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டார். பவளாயி தூணைப் பிடித்து எழுந்தாள். வீங்கிய காலை ஊன்றி, இரண்டு அடி வைத்து, விழுந்தாள்.

"நான் நடக்கிறேன். எனக்குச் சோறு வைக்காதீங்க. தண்ணி வைக்காதீங்க. நடக்கிறேன்" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று எழுதுவதில் குறைவொன்றுமில்லை. மாணிக்கத்திடம், "நீங்க போங்க, நான் வரல" என்றேன். அவர் மற்றவர்களோடு போனார். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, தன் வீட்டிலிருந்து ஏதோ பச்சிலை அரைத்துக் கொண்டுவந்து கட்டினார். மூன்று நாள் அங்கேயே இருந்தோம். அவள் தூங்கும்போதுகூட என் வேட்டி நுனியைப் பிடித்திருந்தாள். நாள் தாண்டியதற்குத் துரையிடம் பட்டதைத் தனியாக எழுத வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். கிளம்பும் முன்பே, முடியாதவரோடு தங்குவது யார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். சோறு கொடுப்பதானால் கையில் கொடுங்கள், பக்கத்தில் வைக்காதீர்கள். நாம் வேறு ஒரு வழியில் நடந்து வந்தவர்கள்.

நாங்கள் நான்காம் நாள் அம்பலத்திலிருந்து மெல்ல நடந்தோம். இரண்டு நாள் கழித்து, ஒரு முற்பகலில், பாறையில் தொங்கும் சங்கிலியைப் பிடித்து உச்சி ஏறினோம். அங்கே ஒரு மணி கட்டியிருக்கிறார்கள். எத்தனையாவது முறை ஏறுகிறோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பது வழக்கம். நான் ஒன்று அடித்தேன். பவளாயி ஒன்று அடித்துவிட்டு, கயிற்றை விடாமல் இன்னொன்றும் அடித்தாள்.

பக்கத்தில் நின்ற சிங்களப் பெரியவர், இது இரண்டாம் முறையா என்று அவளிடம் கேட்டார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு என்னிடம் மட்டும், "தங்கச்சி ஊருலயும் இல்ல, கண்டிக்கும் வந்து சேரல. இங்கனயாச்சும் வந்ததா இருக்கட்டும்" என்றாள்.