அட்டர்னி சுமகாய்சாய் தோற்கடித்த மனு

பெர்ஃபெக்டோ சுமகாய்சாய் வழக்கறிஞர் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவர். கரும்பு லாரி ஓட்டிய அப்பா அன்று ஒரு பன்றியை வெட்டித் தெருவுக்கே சோறு போட்டார். அதன்பிறகு கடற்கரை ஊரான சான் எலாடியோவில் யாரும் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெற்ற தாய்கூட அட்டர்னி, அதாவது வக்கீல், என்றுதான் சொன்னாள்.

இரும்புக்கடை மாடியில் ஒரு மேசை, ஒரு தட்டச்சு இயந்திரம். பத்திரத்துக்குச் சான்று, வேலித் தகராறு, ஓடிப்போன கணவனுக்குக் கடிதம் என்று ஏழு வருடம் போயிற்று. எண்பத்தெட்டில் கடற்கரைக் குடியிருப்பு வழக்கு வந்தது. இறால் பண்ணை போட வந்த கம்பெனி நாற்பத்திரண்டு மீனவக் குடும்பங்களைக் கிளப்பப் பார்த்தது. அவர்கள் சார்பில் மாடிப்படி ஏறி வந்தவள் விசிட்டாசியோன் தூபாஸ். சந்தையில் மீன் விற்பவள். ஊருக்கெல்லாம் பிசிங் அக்கா.

"முப்பது வருஷமா இடைவிடாம இருக்கோம்னு எழுதலாமா அக்கா?"

"எழுதுங்க அட்டர்னி. ஆனா ஒண்ணு. பெரும்புயல் வந்தப்ப எல்லாரும் ஓடிட்டோம். ஒண்ணரை வருஷம் மலையடிவாரத்துல ஒரு கொட்டகையில கிடந்தோம். அப்புறம்தான் திரும்பி வந்தோம்."

அவர் விரல் தட்டச்சின் மேல் நின்றது. இடையில் விட்டுப்போனது தெரிந்தால் சட்டப்படி குடியிருப்பு உரிமை செல்லாது.

"கேட்டா மறைக்காதீங்க. கேக்காத வரைக்கும் நீங்களா சொல்லாதீங்க."

யாரும் கேட்கவில்லை. குடியிருப்பு பிழைத்தது. அந்த வழக்கின் பேரில் ஊர் அவரை நகர சபைக்கு அனுப்பியது, பிறகு துணை மேயராக்கியது, தொண்ணூற்றெட்டில் மேயராக்கியது.

மேயருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. சான் எலாடியோவில் படகுகள் இடுப்பளவு தண்ணீரில் மீன் இறக்கின. ஐஸ் லாரி வருவதற்குள் பாதி கெட்டுப்போகும். ஒரு மீன்பிடித் துறைமுகம் வேண்டும். மாகாணமும் சம்மதித்தது. ஆழம் உள்ள இடம் ஒன்றுதான்: பழைய குடியிருப்பின் முன்னால். குடும்பங்களுக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி மலைமேல் மனை தருவதாகச் சொன்னார். பிசிங் நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

"மலையில மீன் புடிக்கவா மேயர்?"

"துறைமுகம் வந்தா உங்க புள்ளைங்களுக்குத்தான் வேலை அக்கா."

"அது சரி. வெள்ளனே படகு வர்ற நேரத்துக்கு நாங்க எப்படி இறங்கி வர்றது?"

"லாரி விடுறேன்."

"எத்தனை நாளைக்கு?"



குடியிருப்புக் குடும்பங்கள் நகர சபை மேல் வழக்குப் போட்டன. நகரத்திலிருந்து வந்த இளம் வழக்கறிஞர் பழைய மனுவையே எடுத்துத் தேதியையும் எதிர்த் தரப்பையும் மாற்றித் தாக்கல் செய்திருந்தார். சுமகாய்சாய் தன் வாக்கியங்களைத் தனக்கு எதிராகப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார்.

நகர சபையின் வழக்கறிஞர் கையை விரித்தார். "பழைய தீர்ப்பு இருக்கு மேயர். இத அசைக்க முடியாது."

 மூன்றாம் நாள் சுமகாய்சாய் அவரை அழைத்துச் சொன்னார்:

"பெரும்புயல் வருஷத்துல எங்க இருந்தாங்கன்னு அந்தம்மாவக் கேளுங்க."

சாட்சிக் கூண்டில் அந்தக் கேள்வி வந்தபோது பிசிங் கேட்டவரைப் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மேயரைப் பார்த்தாள். பிறகு எதையும் விடாமல், கொட்டகை, ஒன்றரை வருடம், திரும்பி வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாலு மாதத்தில் மனு தள்ளுபடியானது.

தீர்ப்பன்று நீதிமன்றப் படியில் அவரை நிறுத்தினாள்.

"உங்க மாடியில நான் சொன்னதுதானே அது?"

"ஆமா."

"சரி" என்று குடையை விரித்து இறங்கிப் போனாள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விட்ட வழக்கறிஞரின் உரிமம் பறிபோகும். புகார் கொடு என்று பலர் சொன்னார்கள். அவள் கொடுக்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவுமில்லை.

துறைமுகம் வந்தது. மீன் கெடுவது நின்றது, அதில் பொய்யில்லை. லாரி ஏழு மாதம் ஓடி நின்றது. மலையிலிருந்து பெண்கள் கூடையோடு நடந்தார்கள். இரண்டாயிரத்து நாலு தேர்தலில் மலை வாக்குச்சாவடியில் அவருக்குப் பதினோரு ஓட்டு.

"பதினொண்ணா?" என்றாள் மனைவி லுடிவினா. "எண்ணினவங்க தப்பா எண்ணியிருப்பாங்க."

தேர்தலில் தோற்று அவர் மறுபடி இரும்புக்கடை மாடிக்குப் போனார். அந்த வருடமே புதிய மேயர் மலை நிலத்தை உல்லாச விடுதிக்காரர் ஒருவருக்குத் தரப் பேசுவதாகச் செய்தி வந்தது. குடும்பங்களிடம் மனைப் பட்டா இல்லை. கொடுப்பதாகச் சொன்ன மேயர், ஆறு வருடம் பதவியில் இருந்தும் கையெழுத்துப் போடாமல் இறங்கியிருந்தார். அந்த மேயர் இவர்தான்.

மலை ஏறிப் போனார். பிசிங் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"இப்ப நீங்க யாரோட வக்கீல்?"

"நீங்க சம்மதிச்சா உங்களோட."

"பேப்பர் வாங்கித் தர்றதா அப்பவே சொன்னீங்க."

"சொன்னேன்."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டு முடித்தாள். "எங்க கையெழுத்து வேணும்?"

ஆறு வருடம் ஆனது. அவர் பழைய மேயர் என்பதையே எதிர்த் தரப்பு ஒவ்வொரு விசாரணையிலும் எடுத்து அடித்தது. அவர் மறுக்காமல் ஒப்புக்கொண்டு மேலே போனார். நாற்பத்திரண்டில் முப்பத்தொன்பது பட்டா கிடைத்தது. மூன்று குடும்பங்கள் அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தன.

பட்டாவை வாங்கிய பிசிங் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்தாள். முகம் மலரவில்லை.

"அட்டர்னி, என் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

அவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். உண்மைதான். காகிதத்தைத் திரும்ப வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, மாகாணத் தலைநகருக்குப் போகும் பத்தரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கீழே இறங்கினார். அதைத் திருத்த இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.