முழங்காலின் சொந்தக்காரி

என் மகளின் நீல அட்டைக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டுப் பக்கம் நடக்கப் போன இடத்தில் உண்ணி கடித்து, அது லைம் நோய் என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகி, மருந்தெல்லாம் விழுங்கி முடித்த பிறகும் வலது முழங்கால் மறுபடி வீங்கிய நாளிலிருந்து அவள் அதில் எழுதி வந்தாள். எங்கே நோகிறது, எத்தனை படி ஏற முடிந்தது, எல்லாம் பிரெஞ்சில். டாக்டருக்கு வசதி என்றாள். எனக்கு வசதியில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும். இத்தனை வருட மொன்றியல் வாழ்க்கையில் என் பிரெஞ்சு பொன்ஜூரில் புறப்பட்டு மெர்சியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

பியர்பொன்ட்ஸ் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு நோய் விசாரிக்க வந்தவர்களில் என் மனைவியின் தம்பிக்கே முதலிடம். "உண்ணி கடிச்சதுக்கோ அத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஊரில மாட்டில இருந்து பிடுங்கி நசுக்கிப்போட்டு, அதே கையால சோறு திண்டனாங்கள்." அன்று அதே கை எங்கள் வீட்டு ரோல்ஸ் தட்டையும் காலி செய்தது. உலகத்தில் அவர் அறியாத வருத்தம் கிடையாது; அறிந்ததும் ஒன்றுமில்லை. சோபாவில் காலை நீட்டியபடி மகள் என்னைப் பார்த்தாள். வாசலைக் காட்டியிருக்க வேண்டிய நான் சொன்னது: "ஓம் மச்சான், இப்ப சுகம்." கல்யாணமாகாத பிள்ளை, கதை பரவக்கூடாது என்று சொல்லத் தொடங்கிய அந்தச் 'சுகம்', பிறகு தும்மல் மாதிரித் தானாகவே வந்தது.

டாக்டரிடமும் வந்தது. அவர் பெரிய நிபுணர். முழங்காலைப் பார்ப்பது தன் தகுதிக்குக் குறைவு என்பதுபோல் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியிருக்கிறது என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டது மகளை. அவள் கொப்பியை விரிப்பதற்குள், இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு வாயாக வந்திருந்த நான், பெரிய மனிதரின் மனம் நோகக்கூடாதென்று, "மச் பெட்டர் டாக்டர், மெர்சி" என்றேன். அவரும் எவ்வளவு சந்தோஷமாக நம்பினார்! முன்னேற்றம் என்று தட்டி, நாலு மாதம் கழித்து வரச் சொல்லி எழுந்துவிட்டார். சோம்பேறி டாக்டருக்கு என்னைப் போன்ற மரியாதைக்கார முட்டாள் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

மகள் கொப்பியைப் பைக்குள் வைத்தாள். காரில் ஏறினோம். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் கேட்டாள்: "என்ர முழங்காலுக்கு நீங்களோ அப்பா சொந்தக்காரன்?"

அந்த நாலு மாதத்தில் அவள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பக வேலையை விட்டாள். சின்னப் பிள்ளைகளின் பூட்ஸைப் போட்டுவிட முழங்கால் மடங்க வேண்டும், மடங்கவில்லை. காலையில் மாடியிலிருந்து உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குவாள். கீழே நான் தேநீர்க் கோப்பையோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் எந்த விருந்துக்கும் பகிடி விடுகிற வாய், அப்போது தேநீர் குடிக்க மட்டும் பயன்பட்டது.

போன கிழமை வேறொரு டாக்டர். நான் சாரதி மட்டும். அறைக்கு வெளியே தாழ்வாரத்துக் கதிரை என்னுடையது. அவள் நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். இந்த டாக்டர் அம்மா கொப்பியை முழுக்க வாசித்தாராம். முழங்காலிலிருந்து நீர் எடுத்துப் பார்த்து, மறுபடி மருந்து தொடங்கப் போகிறார். சுகமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லையாம்.

காரில் ஏறியதும் போன் அடித்தது. ஸ்பீக்கரில் மச்சான். "என்ன அத்தான், பிள்ளைக்கு எப்பிடி?"

தும்மல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. பிடித்து விழுங்கினேன். "அவளிட்டயே கேள்."

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு நீலக் கொப்பியை மடியில் விரித்தாள். "மாமா, வேலை ஒண்டும் இல்லைத்தானே? கேளுங்கோ." முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள், பிரெஞ்சில். மச்சானின் பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். "பிள்ளை... ஓம்... பிள்ளை..." என்று நடுவில் இரண்டு தடவை முனகினார். அவள் நிறுத்தவில்லை. நானும் காரைக் கிளப்பவில்லை. முழங்காலுக்கு அவர்கள் 'ஜெனு' என்பார்கள், அது மட்டும் எனக்குத் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் அது வந்துகொண்டேயிருந்தது.