தவக்காலத்தில் ஏறிய சர்க்கரை

இனிப்பை அறவே விட்டபோதுதான் எனக்குச் சர்க்கரை ஏறியது. யாரிடம் சொன்னாலும் ஒரு மாதிரி சிரிக்கிறார்கள். எனக்கே இன்னும் முழுசாகப் புரியவில்லை என்பதால் அவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சாந்தோமில் எங்கள் தெருவில் தவக்காலம் வந்தால் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். என் கணவர் மீன், கறி இரண்டையும் விடுவார். கூடவே பொறுமையையும் விட்டுவிடுவார். நான் இந்த முறை, காபியில் போடும் அரை ஸ்பூன் சர்க்கரை உட்பட எல்லா இனிப்பையும் விடுவதாகப் பீடத்தின் முன் நேர்ந்துகொண்டேன். இன்சுலின் போட்டுக்கொள்கிறவளுக்கு இது தவமா வைத்தியமா என்று அவர் கிண்டலடித்தார்.

அந்தச் சமயம் வெளிநாட்டிலிருந்து வந்துபோன மகள், ஒரு பெட்டி நிறைய ஊசி கொடுத்தாள். "ரொம்ப மெல்லிசு மம்மி. வலிக்கவே வலிக்காது." நிஜமாகவே வலிக்கவில்லை. நாங்கள் கடையில் வாங்கும் ஊசிக்குச் சிவப்பு மூடி, இதற்கு ஆரஞ்சு மூடி. வேறு வித்தியாசம் எங்கள் கண்ணில் படவில்லை. காலையில் அவர் ஜன்னலோரம் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல மருந்தை இருபதாம் கோடுவரை இழுத்துப் போட்டுவிடுவார்.

சர்க்கரை ஏறத் தொடங்கியது. முதலில் சர்க்கரை பார்க்கும் மெஷின் கெட்டுவிட்டது என்றோம். பிறகு மருந்து வெயிலில் கெட்டிருக்கும் என்று புது பாட்டில் வாங்கினோம். அதற்கும் மசியவில்லை. மிச்சமிருந்தது நான்தான்.

"யாருக்கும் தெரியாம என்ன சாப்பிடுற?"

"ஒண்ணும் சாப்பிடலைங்க."

"அப்ப காத்துலயா ஏறுது?"

அடையாறில் நாங்கள் பார்க்கும் டாக்டரம்மாவும், "நடுவுல இனிப்பு ஏதாவது?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டு, "நல்லா கேளுங்க டாக்டர்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவரிடம் ஒரு துண்டு மைசூர்பாகுக்காகவா பொய் சொல்வேன்?

டாக்டர் அளவை முப்பதாக்கினார். அப்போதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. வீட்டில் வெல்ல டப்பா பரணுக்குப் போனது. போகப் போக எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் எழுந்து எதையாவது தின்கிறேனோ? காலையில் எழுந்ததும் விரலை மோந்துகூடப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

பெரிய வெள்ளியன்று காலை மகள் கொடுத்த பெட்டி காலியாகிவிட்டது. அவர் அலமாரியில் கிடந்த சிவப்பு மூடி ஊசியை எடுத்து, டாக்டர் சொன்ன முப்பதைப் போட்டார். ஒருசந்தி நோன்பு என்பதால் நான் கஞ்சி மட்டும் குடித்தேன். மதியம் இருவரும் கோயிலுக்குப் போனோம். சிலுவையை உதட்டால் தொட்டு முத்தி செய்யப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தபோது கை நடுங்கியது. பாட்டுச் சத்தம் எங்கோ தள்ளிக் கேட்டது. பின்னால் நின்ற பட்டினப்பாக்கத்துப் பெண் ஒருத்தி என்னைத் தாங்கிப் பிடித்து, "இன்னா டீச்சர், இப்டி வேர்த்து ஊத்துது?" என்று கத்தினாள்.

அடுத்து நினைவிருப்பது, கோயில் படியில் நான் உட்கார்ந்திருந்ததும், எதிர் டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர்த் தம்ளரோடு இவர் ஓடி வந்ததும்தான். தம்ளரை உதட்டில் வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்றே அந்தக் குழப்பத்தில் நினைத்தேன்.

"நான் எதுவும் சாப்பிடலைங்க. சத்தியமா சாப்பிடலை."

"சரிம்மா, சரி. இப்ப குடிச்சிடு." தம்ளரை மறுபடி உதட்டில் சாய்த்தார். பாதித் தண்ணீர் என் புடவையில் கொட்டியது. மீதியைக் குடித்தேன்.

மறுநாள் டாக்டரிடம் இரண்டு வகை ஊசியையும் எடுத்துப் போனோம். அதே மருந்து, அதே முப்பது. அன்றுவரை வேலை செய்யாமல் இருந்துவிட்டு அன்று மட்டும் ஏன் ஆளையே சாய்த்தது என்று இவருக்குக் குழப்பம்.

டாக்டர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "உங்க பாட்டில்ல ஒரு மில்லிக்கு நாற்பது யூனிட். சிவப்பு மூடியில அதுக்கு ஏத்த கோடு. ஆரஞ்சு மூடி, ஒரு மில்லிக்கு நூறு யூனிட் இருக்கிற திக்கான மருந்துக்கு. அதுல கோடெல்லாம் நெருக்கம், இருபதுன்னு இழுத்தா வர்றது கொஞ்சம்தான்; உங்க மருந்து எட்டு யூனிட்தான் உள்ளே போகும். திக்கான டிகாஷனும் தண்ணி டிகாஷனும் ஒண்ணாகுமா?"

முப்பது என்று நாங்கள் போட்டதும் பன்னிரண்டுதானாம். பெரிய வெள்ளியன்றுதான் நிஜமான முப்பது போயிருக்கிறது. நான் தலையாட்டினேன். ஆனால் பாட்டில் அதே பாட்டில், இழுத்தது அதே கை, எண்ணும் அதே எண். மிச்ச மருந்து எங்கே போனது என்று உள்ளுக்குள் தேடிக்கொண்டே இருந்தேன். இன்றும் டிகாஷன் இறக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். பிடிபட்ட மாதிரி இருந்து நழுவிவிடுகிறது.

இனி சிவப்பு மூடி மட்டும், பழையபடி இருபது என்று எழுதிய டாக்டர், தலை நிமிராமல் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "நடுவுல இனிப்பு ஏதாவது?"

இந்த முறையும் இவர்தான் முந்திக்கொண்டார்.

"நேத்து ஒரு தடவை, டாக்டர். நான்தான் கொடுத்தேன். அவ வாயைத் திறக்கவே மாட்டேன்னுட்டா."