ஐந்தாவது கை

சோமசேகரத்துக்குப் பந்தடிக்க வராது. கண்ணாடி இல்லாமல் பத்தடிக்கு அப்பால் நிற்பவரின் முகம் தெரியாது; கண்ணாடியோடு ஓடினால் அது விழுந்துவிடும். ஆனாலும் மானிப்பாய்க்கு மேற்கே இருந்த அந்த ஊரின் வாலிபர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு ஆறு வருடமாக அவர்தான் காரியதரிசி. பகலில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் கிளாக்கர் வேலை. அவருடைய கையெழுத்தைப் பார்ப்பதற்காகவே சிலர் உறுதியை இரண்டாம் முறை விரிப்பார்கள்.

1931இல் அவருடைய ஒரே மகள் நெருப்புக் காய்ச்சலில் போனாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. மனைவி குணலட்சுமி அதன் பிறகு பின்னேரங்களில் கோயிலுக்குப் போனாள். சோமசேகரம் மைதானத்துக்குப் போனார். பந்து ஓடுகிற நேரம் மட்டும் அவருக்கு வேறு நினைவு வராது. கழகம் வென்றதா தோற்றதா என்பது கூட ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய விஷயமாக இருக்கவில்லை.

1937இல் அது பெரிய விஷயமாகிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கழகங்களின் சுற்றுப்போட்டியில் எட்டு ஆட்டம் ஆடி எட்டிலும் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் ஏழு கோல். மனேச்சராக இருந்த கதிரவேலு வாத்தியார் உடம்பு சரியில்லை என்று கடிதம் எழுதி விலகிக்கொண்டார். அடுத்த வருடமும் கடைசியாக வந்தால் கழகத்தைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அறிவித்தல் வந்தது. புதிய மனேச்சர் ஒருவரை உடனே தேட வேண்டியிருந்தது.

மைதானத்துக்கு அடுத்த வளவில் ஒரு பஸ் முதலாளியின் கொட்டகை இருந்தது. அங்கே இயந்திரம் திருத்துபவர் கிறகோரி. நாவாந்துறைக் கடற்தொழில் குடும்பம், கத்தோலிக்க வேதக்காரர், நாற்பது வயது. இளமையில் தன் ஊருக்காகப் பத்து வருடம் பந்தடித்தவர். வேலிக்கு அப்பால் நின்று இவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒருநாள் சோமசேகரத்தைக் கூப்பிட்டார்.

“கிளாக்கர், கோவிக்காதையுங்கோ. உங்கடை ஆக்கள் பதினொரு பேரும் பந்துக்குப் பின்னாலை ஓடுறாங்கள். பந்து வரப்போற இடத்திலை ஒருத்தனும் நிக்கிறானில்லை.”

“உமக்கு நேரம் இருந்தால் வந்து சொல்லிக் குடுமன்,” என்றார் சோமசேகரம்.

கிறகோரி வந்தார். மூன்று மாதம், வேலை முடிந்த கையோடு, எண்ணெய்க் கறை போகாத கைகளோடு வந்து நின்றார். சத்தம் போடமாட்டார். ஆட்டக்காரனின் தோளைப் பிடித்துக் கொண்டுபோய் ஓரிடத்தில் நிறுத்தி, “இதிலை நில். பந்து உன்னட்டை வரும்,” என்பார். அநேகமாக வரும். தைமாதம் உடுப்பிட்டியிலிருந்து வந்த அணியோடு சமநிலை. மாசியில் இன்னோர் ஊர் அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வெற்றி அது. அன்றைக்குச் சோமசேகரம் வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஏறி ஓடவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை.

நிர்வாகக் குழுவில் ஐந்து பேர். தலைவர் அருளம்பலம், மைதானம் அவருடைய காணி. அடுத்தவர் விதானையார், அரசாங்கம் நியமித்த ஊர்த் தலைமைக்காரர். பிறகு ஆசுப்பத்திரியில் மருந்து கலக்கும் நமசிவாயம், கப்டன் செல்வநாயகம், சோமசேகரம். மனேச்சரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு முதல்நாள் செல்வநாயகம் வந்து கணக்குச் சொன்னான்.

“நானும் நமசிவாயத்தாரும் கிறகோரியண்ணைக்கு. தலைவரும் விதானையாரும் எப்பிடியும் மாட்டினம். நீங்கள் கை தூக்கினால் சரி.”

“ஓம்,” என்றார் சோமசேகரம். அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை அருளம்பலத்தின் விறாந்தையில் கூட்டம். அருளம்பலம் தன் மச்சான் பரமலிங்கத்தின் பெயரைச் சொன்னார். மலாயாவில் றெயில்வேயில் இருந்து பென்சனோடு வந்தவர். அங்கே வெள்ளைக்காரர் பந்தடித்ததை நிறையப் பார்த்தவர்.

“பாத்தவர். அடிச்சவரோ?” என்றார் நமசிவாயம்.

“கிறகோரி நல்லாய்ப் பழக்கிறான். ஆர் இல்லையெண்டது? அவன் பழக்கட்டும்,” என்றார் அருளம்பலம். “மனேச்சர் எண்டால் அது வேறை. வெளி அணி வந்தால் இந்த விறாந்தையிலைதான் தேத்தண்ணி. மனேச்சர் அவையோடை இருக்கவேணும். உவனை எங்கை இருத்துறது?”

“கதிரையிலை,” என்றார் நமசிவாயம்.

கடற்தொழில் சாதிக்காரர் ஒருவரும் அந்த விறாந்தையில் கதிரையில் இருந்ததில்லை. விதானையார் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிறகோரிக்கு யார் யார் என்று கேட்டபோது இரண்டு கைகள் எழுந்தன. சோமசேகரத்தின் கை மேசையிலிருந்த கொப்பியின் மேல் இருந்தது. அருளம்பலம் அவரை வெருட்டவில்லை. வேலையைப் பற்றியோ காணியைப் பற்றியோ ஒரு சொல் சொல்லவில்லை. சும்மா பார்த்தார். பரமலிங்கத்துக்கு யார் என்று கேட்டபோது சோமசேகரம் கையைத் தூக்கினார். செல்வநாயகம் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏகமனதாய் எண்டு எழுதும்,” என்றார் அருளம்பலம்.

அவர் எழுதினார்.

மறுநாள் கொட்டகைக்குப் போனார். கிறகோரி ஒரு பஸ்ஸின் அடியில் படுத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மெல்ல வெளியே வந்து, ஒரு துணியில் கையைத் துடைத்தார்.

“நான் நினைச்சதுதான். எத்தனைக்கு எத்தனை?”

“மூண்டுக்கு ரெண்டு.”

“உங்கடை கை எந்தப் பக்கம்?”

சோமசேகரம் கண்ணாடியைக் கழற்றினார். எதிரில் நின்றவரின் முகம் கலங்கிப் போனது. “நான் உமக்குத்தான் தூக்கினனான்,” என்றார்.

கிறகோரி அவருடைய தோளைத் தொட வந்து, கையில் எண்ணெய் இருந்ததால் நிறுத்திக்கொண்டார். “அது காணும் கிளாக்கர். நீங்கள் மனவருத்தப்படாதையுங்கோ. என்ன உதவியெண்டாலும் என்னட்டைக் கேளுங்கோ.”

பரமலிங்கம் கெட்ட மனிதரல்ல. நேரத்துக்கு வருவார், ஆட்டக்காரருக்குத் தன் கையாலேயே எலுமிச்சைப்பழம் வெட்டிக் கொடுப்பார். ஆனால் பந்தைத் தொடமுதல் அரை மணித்தியாலம் அணிவகுத்து நடக்கவைப்பார். வயதில் மூத்தவர்கள் முன்னுக்கு நிற்கவேண்டும் என்பது அவருடைய சட்டம். வேகமாக ஓடுகிற சின்னப் பெடியன்கள் பின்னுக்குப் போனார்கள். முதல் நாலு ஆட்டமும் தோல்வி.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சோமசேகரம் கொட்டகைக்குப் போவார். கிறகோரி தன்னைத் தள்ளிவிட்ட கழகத்துக்காக நிலத்தில் கோடு கீறி, யார் எங்கே நிற்கவேண்டும் என்று பொறுமையாகக் காட்டுவார். சோமசேகரம் அதைத் தன் யோசனைபோலப் பரமலிங்கத்திடம் சொல்வார். பரமலிங்கம் கேட்டுவிட்டு, “பாப்பம்,” என்பார். அந்த நாட்களில் சோமசேகரம் சரியாகச் சாப்பிடவில்லை. குணலட்சுமி கேட்டதற்கு, நொத்தாரிசின் கந்தோரில் வேலை கூடிவிட்டது என்றார்.

ஐந்தாவது தோல்வியோடு செல்வநாயகம் விலகினான். போகிற வழியில் கிறகோரியிடம் விடைபெற்றுக்கொண்டு போனான். அடுத்தநாள் சோமசேகரம் கொட்டகைக்குப் போனபோது கிறகோரி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அரை மணித்தியாலம் நின்று பார்த்துவிட்டுச் சோமசேகரம் திரும்பினார். அந்த மாதத்தோடு கிறகோரி வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்று பஸ் முதலாளி சொன்னார்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கிழமை இருந்தது. அதை வென்றால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம். ஞாயிற்றுக்கிழமை சோமசேகரம் சைக்கிளில் நாவாந்துறைக்குப் போனார். பூசை முடிந்து சனங்கள் வீடு திரும்பியிருந்தார்கள். கிறகோரி கரையில் ஒரு பூவரச நிழலில் தமையனின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“நான் செய்தது பிழை,” என்றார் சோமசேகரம். வரும் வழியெல்லாம் வேறு எவ்வளவோ யோசித்திருந்தார். “நீங்கள் வரவேணும். இந்த ஒரு ஆட்டம். நான் தலைவரோடை கதைக்கிறன்.”

“இண்டைக்கு நீங்கள் எண்டு சொல்லுறியள்,” என்றார் கிறகோரி. “இவ்வளவு நாளும் நீர்தானே.”

சோமசேகரம் சைக்கிளைப் பூவரசில் சாத்திவைத்தார்.

“செல்வநாயகம் போகேக்கை எல்லாம் சொன்னவன். உங்கடை தலைவர் என்னை வேண்டாம் எண்டது எனக்குப் புதுசில்லை. நீங்கள் அவரோடை கை தூக்கினதும் பெரிசில்லை. நீங்களும் அந்த ஊரிலை சீவிக்க வேணும். அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் ரெண்டு நாள் கோவிச்சுப்போட்டு விட்டிருப்பன்.” ஒரு முடிச்சை இறுக்கினார். “நான் அண்டைக்கு வீட்டை வந்து மனுசியிட்டைச் சொன்னனான், அந்த ஊரிலையும் எனக்கெண்டு ஒரு ஆள் இருக்கிறான் எண்டு. அவள் அண்டு தொடக்கம் செபத்திலை உங்கடை பேரையும் சேர்த்துச் சொல்லுறவள். இப்ப அவளுக்கு நான் என்ன சொல்ல?”

கடலில் வள்ளம் ஒன்று கரைக்கு வந்துகொண்டிருந்தது. கிறகோரி எழுந்து, அதை இழுக்கப் போனார். சோமசேகரம் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். வலை அங்கேயே கிடந்தது. கிறகோரி திரும்பி வரவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். இடைவேளைக்குள் ஆறு கோல். பரமலிங்கமே றெபறியிடம் போய் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பும்போது, “எனக்கு உது சரிவராது எண்டு மச்சானிட்டை முதலே சொன்னனான். அவர் கேக்கேல்லை,” என்றார். “நீராவது அண்டைக்கு மறுத்திருக்கலாம், சோமசேகரம்.”

கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த மாரிக்கு முன்னே அருளம்பலம் மைதானத்தை உழுவித்துப் புகையிலை வைத்தார். சோமசேகரம் பின்னேரங்களில் வீட்டில் இருக்கத் தொடங்கினார். மகள் இறந்து ஏழு வருடம் கழித்து, அவளுடைய காய்ச்சல் நாட்கள் ஒவ்வொன்றாக அவருக்கு நினைவு வந்தன. எந்த நாள் என்ன மருந்து, எந்த நாள் அவள் தண்ணீர் கேட்டாள் என்று எல்லாம். அவற்றை மறைக்க இப்போது ஒன்றும் இருக்கவில்லை.

குணலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொல்ல அவருக்கு மூன்று வருடம் எடுத்தது. அவள் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், “அந்த மனுசி இன்னும் உங்கடை பேரைச் சொல்லிச் செபிப்பாவோ?” என்று மட்டும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

யுத்தகாலத்தில் ஊரில் அரிசி பங்கிடும் கூப்பன் கடைக்கு ஒரு குழு அமைத்தார்கள். நல்ல கையெழுத்துக்காரர் என்று சோமசேகரத்தைக் காரியதரிசியாக இருக்கக் கேட்டார்கள். மாட்டேன் என்றார். பள்ளிக்கூடக் குழுவுக்கும், கோயில் திருப்பணிக் குழுவுக்கும் அதே பதில்தான். பெருமை பிடித்த மனிதர் என்று ஊரில் கதைத்தார்கள். 1946 ஐப்பசியில், அடைமழையில், நெஞ்சுநோ வந்து இரண்டு நாளில் இறந்தார். கொழும்பில் வேலையிலிருந்த செல்வநாயகத்துக்குக் கடிதம் கிடைக்கும்போது எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கும் முடிந்துவிட்டது. நாவாந்துறைக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.