பேட்டரிக்கு வைத்த சந்தனம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு மாதாந்திர மின்தடை என்றால் காலையில் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். மற்ற வீடுகளில் முதல் நாளே மாவு அரைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா ஏர் பெட்டில் கிடந்தார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகு, அந்தப் பக்கம் பின்னிடுப்பில் வந்த படுக்கைப் புண், மாதக்கணக்கில் மருந்து போட்டு அப்போதுதான் மூட ஆரம்பித்திருந்தது. மெத்தைக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் நின்றால் மெத்தை தொய்ந்துவிடும், உடம்பின் கனம் முழுக்கப் புண்மேல் இறங்கும். "திரும்ப வாய் திறந்தா ஆறுறது கஷ்டம்மா" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

அந்த மோட்டாருக்காகத்தான் சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் இன்வெர்ட்டர் வாங்கிக் கொடுத்தான். ஆயுத பூஜைக்கு லீவில் வந்தவன், அதற்குத் தானே பூஜை போட்டான். அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். ஆயுத பூஜை அன்று ஸ்டியரிங், கண்ணாடி, டயர் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார். அதையே இவன் பேட்டரிக்குச் செய்தான். ஒயர் மாட்டியிருக்கும் இரண்டு முனைகளிலும், மேலே வரிசையாக இருக்கும் மூடிகளிலும் குழைத்த சந்தனத்தைக் கட்டை விரலால் அப்பி, மாலை போட்டு, படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினான். மறுநாள் நான் துணியோடு போனபோது, "பூஜை பண்ணதைத் துடைக்காத. தானா உதிரட்டும்" என்றான். அதோடு விமானம் ஏறிவிட்டான்.

கொஞ்ச நாளில், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் சீக்கிரமே கத்த ஆரம்பித்தது. போனில் சொன்னேன்.

"மிக்ஸி போட்டிருப்ப."

"போடலண்ணே. ஒரு ஃபேனும் மெத்தை மோட்டாரும்தான் ஓடுது."

"ஓவர்லோட்தான். மெஷின்ல ஒண்ணும் இல்ல, நீ யூஸ் பண்ற விதம் சரியில்ல."

அன்றிலிருந்து வீடியோவாக அனுப்பித் தள்ளினான். ரீசெட் பட்டனை அழுத்து, ஃபியூஸைப் பார், தண்ணீர் மட்டத்தைப் பார். எல்லாம் பார்த்தேன். சந்தனத்தை மட்டும் தொடவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று கேட்டால், "பேட்டரி போச்சுன்னுதான் சொல்லுவானுங்க, கூப்பிடாத" என்றான். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்ரீரங்கத்து மெக்கானிக்குகளின் யோக்கியதை எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

மின்தடை அன்று நான் காபி குடித்து முடிப்பதற்குள் இன்வெர்ட்டர் கத்தி நின்றது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முனைகளில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, ஒயர் பிடிமானமே இல்லாமல் ஆடியது. மூடிகளில் ஆவி போகிற துளைகளையும் சந்தனம் அடைத்திருந்தது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, துணியில் தொட்டு முனைகளைத் துடைத்தேன். துளைகளைச் சுத்தம் செய்து, ஒயரை இறுக்கி, வாசலின் தடவிப் போட்டேன். மோட்டார் ஓடியது. உடனே மறுபடி கத்தல். இத்தனை நாளாகப் பேட்டரியில் ஒழுங்காகச் சார்ஜே ஏறவில்லை. இனி கரண்ட் வந்தால்தான் ஏறும்.

கோபம் கோபமாக வந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் எதிரில் இல்லை.

மெத்தை தொய்ந்துகொண்டே வந்தது. அப்பாவை ஒற்றை ஆளாகப் புரட்டுவது லேசான காரியமில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் சரிந்து பழையபடி மல்லாந்துவிடுவார். மறுபடி புரட்டுவேன். நடுநடுவே விசிறினேன், கஞ்சி கொடுத்தேன், பேச்சுக் கொடுத்தேன். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அப்படியும் மதியத்துக்கு மேல் புண்ணின் ஓரம் பிரிந்து கசிய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கம் உணர்ச்சி இல்லாததால் அவருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லவுமில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்த பிறகு அண்ணன் வீடியோவில் வந்தான். துணியில் துடைத்தெடுத்த பச்சைப் பூப்பைக் காட்டினேன்.

"சந்தனம் வச்சதுல வந்தது இது."

"சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்காத. பேட்டரியிலேயே கோளாறு இருந்திருக்கும், புதுசு போட்டுக்கலாம். அப்பாவைக் காட்டு."

போனை அப்பாவின் முகத்துக்கு நேரே தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, அவரை ஒருக்களித்தபடி பிடித்துக்கொண்டேன். அண்ணனைப் பார்த்ததும் அப்பா ஒரு பக்கமாகச் சிரித்தார். நாக்குக் குழற, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நீ வாங்கிக் குடுத்த மெஷின் இருக்கப் போயி, இன்னிக்குக் கரண்ட் போனதே எனக்குத் தெரியலப்பா."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அவர் முதுகுப் பக்கம் நின்று, கசிவதைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.